தொரைக்கு சட்ட தெரியும், கங்காணிக்குத்தான் மூஞ்சி தெரியும்: ஹிட்மேன் வேர்ல்ட் ஆஃப் அசாசினேஷன் ரிவ்யூ

இந்த ரிவ்யூவ எழுதுறேன் எழுதுறேன்னு எங்க செட்டு பசங்ககிட்ட சொல்லிக்கிட்டே ரெண்டு வருஷம் ஓடிருச்சு. மெயின் மேப் எல்லாத்தையும் ஒரு தடவையாவது சைலண்ட் அசாசின் ரேட்டிங்கோட, அதாவது குறிச்ச ஆள தவிர யாரையும் கொல்லாம, யாரு கண்ணுலயும் மாட்டாம முடிக்காம இத பத்தி வாய தொறக்க கூடாதுன்னு ஒரு வைராக்கியம், அதான் லேட்டு. இப்ப முடிச்சாச்சு, எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிர்றேன். டென்மார்க்ல கோப்பன்ஹேகன்ல இருக்குற ஐஓ இன்டராக்டிவ் செஞ்ச கேம். 2016ல ஒண்ணு, 2018ல ஒண்ணு, 2021 ஜனவரில ஒண்ணுன்னு மூணு பார்ட்டா வந்துச்சு, 2023 ஜனவரில மூணையும் ஒண்ணா சேத்து வேர்ல்ட் ஆஃப் அசாசினேஷன்னு பேர மாத்திட்டாங்க. நீங்க ஏஜென்ட் 47, மொட்ட தல, பின்மண்டையில பார்கோடு. ஒரு எடத்துக்கு போகணும், குறிச்ச ஆள முடிக்கணும், யாரு கண்ணுலயும் படாம வெளிய வரணும். துப்பாக்கி எடுத்து எல்லாரையும் சுட்டுத்தள்ளவும் முடியும், ஆனா அப்பிடி விளையாடுறவங்களுக்கு இந்த கேம் ஒண்ணுமே குடுக்காது.

நான் இருக்குறது இலங்கை மலையகத்துல, நோர்வூட் பக்கம் ஒரு தேயிலத் தோட்டத்துல. கொழும்புல வேல செய்யுற அண்ணன் ஒரு செகண்ட் ஹேண்ட் பிசி அனுப்புனான், அதுல கேம எறக்குறதுக்கு நைட் டேட்டாவ மட்டும் வச்சு ஒரு கிழமைக்கு மேல போச்சு, 60 ஜிபிக்கு மேல இருக்கு. காலைல எந்திரிச்சதும் மூஞ்சி கழுவுறதுக்கு முன்னாடி எத்தன பர்சன்ட்னு போய் பாப்பேன்.

நாங்கல்லாம் ஸ்டெல்த் கேம்னா, அதாவது ஒளிஞ்சு மறைஞ்சு விளையாடுற கேம்னா என்னான்னு கத்துக்கிட்டது ஹட்டன் டவுன்ல ஒரு கம்ப்யூட்டர் கிளாஸ்ல ப்ராஜெக்ட் ஐஜிஐ விளையாடித்தான். அதுவும் 2000ல வந்தது, முதல் ஹிட்மேனும் 2000ல வந்தது, ஆனா ரெண்டும் ரெண்டு ஒலகம். ஐஜிஐல மிஷன் நடுவுல சேவ் கெடயாது, அலாரம் அடிச்சா கொட்டாய்க்குள்ள இருந்து ஆளு வந்துக்கிட்டே இருப்பான், எத்தன பேர சுட்டாலும் தீராது. அங்க எதிரின்னா கண்ணுல பட்டா சுடுறவன், அவ்ளோதான், அவனுக்கு வேற வாழ்க்கையே கெடயாது. ஹிட்மேன்ல முதல்ல உங்கள தூக்கி அடிக்குறதே அந்த எடம்தான், இங்க உள்ள காவக்காரன், சமையக்காரன், தோட்டக்காரன் எல்லாருக்கும் ஒரு வேல இருக்கு, அவன் வேலைய பாத்துக்கிட்டு இருக்கான், நீங்க அந்த வேலைக்கு நடுவுல பூந்து போகணும்.

இப்ப தலைப்புக்கு வாறேன். எங்கம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவங்க. ஒரு நாள் மழ ஊத்துனதால வெள்ளனவே மலைய விட்டு வந்துட்டாங்க, நான் பாரிஸ் மேப் விளையாடிக்கிட்டு இருந்தேன், தேத்தண்ணிய வச்சுக்கிட்டு பின்னால உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தாங்க. நான் வெயிட்டர் சட்டைய மாத்திக்கிட்டு காவக்காரன தாண்டி போனேன், அவன் ஒண்ணுமே சொல்லல, ஆனா உள்ள ஒரு மூத்த வெயிட்டர் மட்டும் என்ன மொறைக்க ஆரம்பிச்சான். "துவக்கு வச்சிருக்கவன் விட்டுட்டான், தட்டு தூக்குறவன் ஏன்டா மொறைக்குறான்"னு கேட்டாங்க. சொன்னேன், அம்மா, தலைக்கு மேல வெள்ளப்புள்ளி இருந்தா அவன் என்ஃபோர்சர், தன்கூட வேல செய்யுறவன் மூஞ்சி எல்லாம் அவனுக்கு தெரியும், மத்தவனுக்கு சட்ட மட்டும்தான் தெரியும்னு. ஒடனே சொன்னாங்க, "ஆமா, தொரைக்கு எங்க மூஞ்சி எங்க தெரியும், படங்கும் கூடையும்தான் தெரியும், கங்காணிகிட்ட இது நடக்காது"ன்னு.

தொரன்னா தோட்டத்து மேனேஜரு, கங்காணின்னா கூடவே நின்னு வேல வாங்குறவரு, படங்குன்னா கொழுந்து எடுக்குறவங்க இடுப்புல கட்டுறது. அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தையில இந்த கேமோட உசுரு முழுக்க இருக்கு. ஒரு எடத்துல யாரு எங்க போகலாம், யாரு எத தொடலாம், யாரு யார நிமிந்து பாத்து கதைக்கலாம், இத வச்சுத்தான் ஒவ்வொரு மேப்பையும் கட்டியிருக்கானுங்க, செவுரு, கதவு எல்லாம் அதுக்கு அப்புறம்தான். தோட்டத்துல பொறந்தவனுக்கு இத யாரும் சொல்லிக்குடுக்க தேவல. ஸ்டோருக்குள்ள, அதாவது தேயில ஆலைக்குள்ள யாரு போகலாம், ஆபீசுல எந்த சன்னல்ல நிக்கணும், பங்களா கேட்டு வரைக்கும் யாரு போகலாம், கேட்ட தாண்டி குசினி வாசல் வரைக்கும் யாரு போகலாம், முன்வாசல்ல யாரு காலு வைக்கலாம், இதெல்லாம் எங்கயும் எழுதி வைக்கல, ஆனா அஞ்சு வயசு புள்ளைக்கும் தெரியும். 47 செய்யுறது அந்த எழுதாத கோட்ட ஒரு சட்டைய மாத்தி தாண்டுறது.

கேம்ல அந்த கோடு மூணு வகையா இருக்கு. பொது எடம்னா யாரும் கேக்க மாட்டாங்க. அத்துமீறுன எடம்னா காவக்காரன் வந்து "இங்க வரக்கூடாது, வெளிய போங்க"ன்னு மரியாதையா சொல்லி பின்னாலயே வருவான், நீங்க போகாட்டிதான் பிரச்சன பெருசாகும். மூணாவது, பாத்த ஒடனே துவக்க தூக்குற எடம். இந்த ரெண்டாவது வகைய நான் ரொம்ப பெருசா நெனைக்கிறேன், ஏன்னா நெறைய ஸ்டெல்த் கேம்ல மாட்டுனா ஒடனே சண்ட, இங்க மாட்டுறதுக்கும் சண்டைக்கும் நடுவுல ஒரு வெக்கப்பட்டு திரும்பி போற நேரம் இருக்கு, அது நெசத்துல எப்பிடியோ அப்பிடியே இருக்கு.

இதே ஹிட்மேன் சீரிஸ்ல 2012ல வந்த அப்சல்யூஷன்ல இந்த விசயத்துல சறுக்கிட்டானுங்க. அதுல நீங்க போலீஸ் சட்ட போட்டா எல்லா போலீசுக்கும் சந்தேகம் வரும், சமையக்காரன் சட்ட போட்டா எல்லா சமையக்காரனுக்கும் சந்தேகம் வரும், அதாவது எல்லாருமே கங்காணி. ஆயிரம் பேரு வேல செய்யுற எடத்துல எல்லாருக்கும் எல்லா மூஞ்சியும் எப்பிடி தெரியும்? 2016ல அத திருத்தி, சில பேருக்கு மட்டும் அந்த கண்ண குடுத்தானுங்க, பெரும்பாலும் மேல்நெலையில உள்ளவன், இல்லாட்டி உங்க கூடவே வேல செய்ய வேண்டியவன். அந்த சின்ன திருத்தம்தான் கேம காப்பாத்துச்சுன்னு சொல்லுவேன். அந்த என்ஃபோர்சர் கிட்டக்க வாறப்ப மேசைய தொடைக்குற மாதிரியோ, பாத்திரத்த கழுவுற மாதிரியோ நின்னுக்கிட்டா தாண்டி போயிருவான். வேலையில குனிஞ்சிருக்கவன் மூஞ்சிய யாரு பாக்குறா.

மெண்டோசா மேப் பத்தி கொஞ்சம் நீட்டி எழுதணும், மன்னிச்சுக்கங்க. மூணாவது பார்ட்ல வாறது, அர்ஜென்டினாவுல ஒரு திராட்சத் தோட்டம். யேட்ஸ்னு ஒரு வக்கீலு தொர, அவனும் டமாரா விடால்னு ஒரு அம்மாவும்தான் டார்கெட். வெளிய சரிவுல வரிசை வரிசையா திராட்சக்கொடி, நடுவுல ஒயின் செய்யுற ஆலை, அந்தப்பக்கம் முதலாளியோட வில்லா, சாயந்தர வெயில்ல விருந்துக்கு வந்தவங்க கிளாசோட நிக்குறாங்க. முதல் தடவ அங்க எறங்குனப்ப எனக்கு ஒடம்பு சிலுத்துருச்சு. தேயிலைக்கு பதிலா திராட்ச, வாட்டுற லோப்டுக்கும் ரோலருக்கும் பதிலா பீப்பாயும் நசுக்குற மெஷினும், பங்களாவுக்கு பதிலா வில்லா, மத்தது எல்லாம் நான் பாத்து வளந்ததுதான். வேலையாளு சட்டையில ஆலைக்குள்ள சுத்தலாம், அதே சட்டையோட வில்லா பக்கம் போனா நிப்பாட்டிருவான். ஒயின் ஊத்தி வெளக்கம் சொல்றவன் சட்டைய போட்டா விருந்தாளிகிட்டயே போய் நிக்கலாம், டார்கெட்டுக்கு கையால ஒயின் ஊத்தலாம், ஆனா அந்த தொழில் தெரிஞ்ச ஆளு பக்கத்துல இருந்தா கத முடிஞ்சுது.

இந்த மேப்ப நான் எத்தன தடவ விளையாடுனேன்னு கணக்கே இல்ல. ஒரு தடவ ஒண்ணும் செய்யாம வேலையாளு சட்டையோட தோட்டத்த மட்டும் சுத்தி வந்தேன், யாரு எங்க நின்னு என்னா கதைக்குறாங்கன்னு கேட்டேன், ஒரு மணித்தியாலம் போனதே தெரியல. டிசைன்ல இவனுங்க கெட்டிக்காரத்தனம் அதுதான், டார்கெட்டு ஒரு வட்டத்துல நடந்துக்கிட்டே இருப்பான், அந்த வட்டத்த பாத்து வச்சுக்கிட்டா எந்த எடத்துல தனியா நிப்பான், எந்த எடத்துல காவக்காரன் முதுக காட்டுவான்னு மெல்ல மெல்ல வெளங்கும். நீங்க வட்டத்துக்குள்ள ஒரு கல்ல போட்டா, அதாவது ஒரு போன் அடிச்சா, ஒரு கிளாசுல வாந்தி மருந்த கலந்தா, அந்த வட்டம் மாறும், டார்கெட்டு டாய்லட்டுக்கு தனியா ஓடுவான். மேப்ப ஒரு மெஷினு மாதிரி படிச்சு, எந்த ஆணிய கழட்டுனா எது நிக்கும்னு கண்டுபுடிக்குறது, அந்த சந்தோசம் வேற எந்த கேம்லயும் எனக்கு இந்த அளவுக்கு கெடைக்கல. 2016ல வந்த டிஸ்ஹானர்டு 2ல கிளாக்வர்க் மேன்ஷன்னு ஒரு வீடு வரும், நெம்புகோல இழுத்தா ரூமே மடிஞ்சு மாறும், அத மட்டும் இதோட பக்கத்துல வைக்கலாம்.

ஹொக்கைடோ மேப்பும் அதே அளவு புடிக்கும். ஜப்பான்ல மலை உச்சில பணக்காரங்களுக்கான ஆஸ்பத்திரி, சுத்தி பனி. அங்க சாவியே கெடயாது, கதவு உங்க உடுப்புல இருக்குற சிப்ப படிச்சுத்தான் தொறக்கும், நீங்க ஆரம்பிக்கறதே நோயாளி உடுப்புல, கையில ஒரு ஆயுதமும் இல்லாம. அதாவது சட்டதான் சாவின்னு இந்த சீரிஸ் அது வரைக்கும் சொன்னத கதவோட வாயாலயே சொல்ல வச்சுட்டானுங்க. ரெண்டு டார்கெட்டுல சோடர்ஸ் ஆபரேஷன் தியேட்டர்ல படுத்தே கெடப்பான், நகர மாட்டான். நகராதவன முடிக்குறது லேசுன்னு நெனைக்காதீங்க, அவன்கிட்ட போறதுதான் வேல. அவனுக்கு மாத்துறதுக்கு கொண்டு வந்த இருதயத்த நாசம் பண்ணா அவன தொடாமலே கத முடியும், அத கண்டுபுடிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

பாரிஸ், சப்பியென்சா ரெண்டையும் எல்லாரும் பாராட்டிட்டாங்க, நானும் பாராட்டுறேன், சப்பியென்சா கடல்கர ஊரு மாதிரி ஒரு அழகான மேப் கெடயாது. கொலராடோ சரியில்ல. மேப் முழுக்க ஆயுதம் வச்ச ஆளுங்க, பொது எடம்னு ஒண்ணு இல்லவே இல்ல, நாலு டார்கெட்டு. சாதாரண சனம் இல்லாத எடத்துல வேசம் போடுறதுக்கு என்னா அர்த்தம் இருக்கு?

எதிரியோட புத்திக்கு வருவோம். நல்லத முதல்ல சொல்றேன். கீழ கெடக்குற துவக்க சாதாரண ஆளு பாத்தா போய் காவக்காரன்கிட்ட சொல்லுவான், காவக்காரன் வந்து எடுத்துக்கிட்டு போய் பத்திரமா வைப்பான், அப்ப அவன் நின்ன எடம் காலி. இந்த மாதிரி அவனோட கடமையவே அவனுக்கு எதிரா திருப்பலாம். 2018 பார்ட்ல கண்ணாடி வந்துச்சு, நீங்க பின்னால இருந்து போனாலும் முன்னால கண்ணாடில பாத்துருவான். கேமரா பொணத்த கண்டுபுடிக்கும். சனக்கூட்டத்துக்குள்ள பூந்து மறையலாம், மும்பை மேப்லயும் மயாமி மேப்லயும் அத செய்றப்ப எனக்கு நல்லதண்ணில சிவனொளிபாத மலை சீசனுக்கு நிக்குற கூட்டம்தான் ஞாபகம் வரும், கைய புடிச்சுக்கிட்டு வந்த தம்பியே அதுல காணாம போயிருவான்.

டார்கெட்டுக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மெய்க்காப்பாளனுங்க அவன சுத்தி நின்னு ஒரு பத்திரமான ரூமுக்கு கூட்டிக்கிட்டு போயிருவாங்க. அந்த ரூமுல நீங்க முன்னாடியே போய் ஒளிஞ்சிருந்தா? இது மாதிரி கேள்விய யோசிக்க வைக்குற கேம் இது.

கொற என்னான்னா, யாரும் யாரையும் தேட மாட்டாங்க. பக்கத்துல நின்ன கூட்டாளி காசு விழுந்த சத்தத்த கேட்டு போனான், பத்து நிமிசமா திரும்பி வரல, இவன் அதே எடத்துல நின்னு அதே பக்கம் பாத்துக்கிட்டு இருக்கான். நான் ஒரு தடவ ஒரே ரூமுல எட்டு பேர ஒவ்வொருத்தனா காச சுண்டி சுண்டி எடுத்தேன், எட்டாவது ஆளும் அதே மாதிரி வந்தான். எங்க லயத்துல, அதாவது தோட்டத்து வரிச வீட்டுல, ஒருத்தன் ஒரு நேரம் சாப்பாட்டுக்கு வரலன்னா நாலு காம்பராவுல தேடுவாங்க, இத்தன காசு குடுத்து வச்ச காவலுக்கு அந்த அக்கறை இல்ல. தேடல் முடிஞ்சதும் மறந்துருவாங்க, பொணத்த பாத்தவன் கொஞ்ச நேரத்துல பழைய வேலைக்கு திரும்பிருவான். 2015ல வந்த மெட்டல் கியர் சாலிட் 5ல நீங்க திரும்ப திரும்ப தலையில சுட்டா அடுத்தடுத்த எடத்துல எதிரி ஹெல்மெட் போட்டுக்கிட்டு நிப்பான், அதாவது உங்க பழக்கத்த அவன் கத்துக்குறான். இங்க அப்பிடி ஒரு சின்ன ஞாபகசக்தி குடுத்திருந்தா காசு சுண்டுற வித்த ரெண்டு தடவைக்கு மேல வேல செய்யாது, வேற வழி தேட வேண்டி வரும், மேப்ப இன்னும் ஆழமா படிக்க வேண்டி வரும். நான் இப்ப காச எடுக்காமலே விளையாடுறேன், கேம் நல்லா மாறுது, முயற்சி பண்ணி பாருங்க.

ஆனா பெர்லின் மேப்ல இந்த கொறைய அவனுங்களே தாண்டிட்டானுங்க. பழைய பவர் பிளான்ட்டுக்குள்ள ஒரு நைட் கிளப், இந்த தடவ உங்கள தேடி ஏஜென்டுங்க வந்திருக்காங்க, யாரு ஏஜென்டு யாரு ஆட வந்தவன்னு தெரியாது, வழிகாட்டுற மிஷன் ஸ்டோரி ஒண்ணும் கெடயாது. அஞ்சு பேர முடிச்சா மத்தவங்க பின்வாங்கிருவாங்க. ஒவ்வொருத்தனா கொறைய கொறைய ரேடியோவுல அவனுங்க பேச்சு மாறும், பயம் ஏறும். அது வரைக்கும் வேட்டைக்காரனா இருந்த நீங்க வேட்டையாடப்படுறப்பதான் உங்க கிட்ட உள்ள கெட்டிக்காரத்தனம் எவ்வளவுன்னு தெரியுது. மூணு பார்ட்லயும் எதிரிய உசுரோட உணர்ந்தது எனக்கு அங்கதான்.

மும்பை மேப்ப பத்தி தமிழங்க கேப்பீங்கன்னு தெரியும். மேப் அருமை, மூணு டார்கெட்டுல மேல்ஸ்ட்ரோம்ங்குறவன் யாருன்னே முதல்ல தெரியாது, நீங்களே கண்டுபுடிக்கணும், சலூன்கடக்காரன் வேசத்துல அவனுக்கு சவரம் பண்ணி விடுற எடம் ஒண்ணு இருக்கு, கை நடுங்கும். ஆனா எல்லா ஊர்லயும் எல்லாரும் இங்கிலீஷ்லதான் கதைக்குறாங்க, மும்பை கடைத்தெருவுல இருந்து இத்தாலி வரைக்கும், அது கேம விட்டு நம்மள வெளிய இழுத்துருது. ஒரு டார்கெட்டு பேரு தாவூத் ரங்கன். அந்த பேர வைக்கறதுக்கு முன்னாடி எங்க பக்கத்து ஆளு ஒருத்தர கேட்டிருக்கலாம்.

இப்ப மலையகத்துல இருக்குறவங்களுக்கு முக்கியமான விசயம். இந்த கேமுக்கு இன்டர்நெட் லைன் வேணும். ஆஃப்லைன்ல மிஷன் விளையாடலாம், ஆனா ஸ்கோரு வராது, புது ஆயுதமோ புது தொடக்க எடமோ அன்லாக் ஆகாது, ஆன்லைன்ல பண்ண சேவ் ஆஃப்லைன்ல தொறக்காது. ஒரு ஆளு மட்டும் விளையாடுற கேமுக்கு இது என்னாத்துக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. 2021ல 2016 பார்ட்ட, லைன் இல்லாமலே விளையாடுற மாதிரி கேம் விக்குற ஜிஓஜிங்குற ஆன்லைன் கடையில போட்டப்ப இதே காரணத்துக்கு வாங்குனவங்க சண்ட போட்டு, ரெண்டு மூணு கிழமைல அத எடுத்துட்டாங்க, அப்பிடி இருந்தும் திருத்தல. நம்ம பக்கம் மழ பேஞ்சா, மூட்டம் எறங்குனா லைன் எப்பிடி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஃப்ரீலான்சர் மோட் 2023ல வந்துச்சு, மிஷன் மிஷனா முடிச்சு கடைசில ஒரு கும்பலோட தலைவன புடிக்கணும், அது ஆன்லைன்ல மட்டும்தான் ஓடும், நடுவுல சேவ் கெடயாது, தோத்தா கையில கொண்டு போன சாமான் போச்சு, சேத்த காசுல பாதி போச்சு. கடைசி மிஷன்ல தலைவன் யாருன்னு சொல்ல மாட்டாங்க, கண்ணாடி போட்டவன், சிகரட் குடிக்குறவன்னு அடையாளத்த மட்டும் குடுப்பாங்க, சந்தேகப்படுற ஆளுங்க நடுவுல நீங்களே பொறுக்கணும். கேம்லயே எனக்கு புடிச்ச மோட் இதுதான். ஏன்னா இது வரைக்கும் படிச்ச மேப் அறிவு எல்லாம் இங்கதான் பரீட்சைக்கு வருது, மெண்டோசாவுல எந்த கதவு எங்க போகும்னு தெரிஞ்சவன் பொழைப்பான். மூணாவது பார்ட் மேப்ல ஒரு தடவ தொறந்து வச்ச குறுக்குவழி அடுத்த தடவ விளையாடுறப்பயும் தொறந்தே இருக்கும், அந்த மாதிரி மனசுலயும் தொறந்து இருக்கணும். போன மாசம் ஒரு கடைசி மிஷன்ல, சந்தேக ஆளுங்கள ஒவ்வொருத்தனா கழிச்சு கடைசி ரெண்டு பேருக்கு வந்துட்டேன், கை வேர்த்துருச்சு, கரண்ட் போயிருச்சு. லயமே இருட்டு. அம்மா வெளக்க கொளுத்திக்கிட்டு வந்து என் மூஞ்சிய பாத்துட்டு ஒண்ணும் கேக்கல. 2022 மார்ச் கடைசில நாட்டுக்கே ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டுனப்பகூட எனக்கு அவ்வளவு கோவம் வரல. யூபிஎஸ் இல்லாம ஃப்ரீலான்சர் பக்கம் போகாதீங்க, சத்தியமா சொல்றேன்.

வாங்குறதா இருந்தா ஒடனே காச போடாதீங்க. ஃப்ரீ ஸ்டார்ட்டர் பேக்னு ஒண்ணு இருக்கு, அதுல ஐசிஏ, அதாவது 47க்கு வேல குடுக்குற அமைப்பு, அதோட ஃபெசிலிட்டி ட்ரெயினிங் மேப் சும்மா கெடைக்கும், பலகையால செஞ்ச பொய்யான கப்பல் ஒண்ணு, சின்னதுதான், ஆனா கேமோட சட்டதிட்டம் எல்லாம் அதுலயே இருக்கு. அத எறக்கி உங்க பிசி தாங்குதா, உங்க லைன் நிக்குதான்னு பாருங்க. முதல் தடவ வழிகாட்டிய போட்டுக்கங்க, ரெண்டாவது தடவ அத நிப்பாட்டிட்டு, ஒருத்தனையும் தொடாம, வெறும் சட்டைய மட்டும் மாத்தி கப்பலோட மேல்தட்டு வரைக்கும் போக முடியுதான்னு பாருங்க. புடிச்சிருந்தா சேல் வாறப்ப முழு கேமையும் வாங்கிருங்க, வாங்குனதும் யாராவது ஒருத்தர் எனக்கு மெசேஜ் போடுங்க, மெண்டோசாவுல அந்த வில்லாவுக்குள்ள என்ஃபோர்சர் ஒருத்தன் கண்ணுலயும் படாம போறதுக்கு நான் கண்டுபுடிச்ச பாத ஒண்ணு இருக்கு, அத இங்க எழுதி கெடுக்க மனசு வரல.